"ஐ.பி. கொடுத்துட்டார்" என்று மெயிலில் எழுதாதீர்கள்

திருவேங்கடம் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் "பார்ட்டி ஐ.பி. கொடுத்துட்டார்" என்றால் விளக்கம் தேவையில்லை. மஞ்சள் கடுதாசி, வசூல் கோவிந்தா. வடக்கே இருக்கும் ஏஜென்டுக்கோ சென்னை வக்கீலுக்கோ ஆங்கிலத்தில் மெயில் போடும்போதுதான் சிக்கல். நம்மூர் ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன். 2016 திவால் சட்டத்தில் புழங்குபவர்களுக்கோ ஐ.பி. என்றால் இன்சால்வென்சி புரொஃபஷனல், அதாவது திவால் நடவடிக்கையை நடத்திக் கொடுக்கும் நிபுணர்.

பார்ட்டி தனி ஆளா, பிரைவேட் லிமிடெட்டா? முதலில் இதைப் பாருங்கள். தனி ஆள் என்றால் நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். மனு மட்டும் போட்டிருந்தால் "ஹீ ஹாஸ் ஃபைல்டு அன் இன்சால்வென்சி பெட்டிஷன்". கோர்ட் உத்தரவு போட்ட பிறகே "ஹீ ஹாஸ் பீன் அட்ஜட்ஜ்டு இன்சால்வென்ட்". அதற்கு முன்பே நாலு பேருக்கு சிசி வைத்து "பேங்க்ரப்ட்" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி விடுகிறீர்கள். "சீட்டட்" இன்னும் மோசம். கடனைக் கட்ட முடியாதது வேறு, மோசடி வேறு. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனது திவாலானதற்காக அல்ல, மோசடிக்காக.

கம்பெனி என்றால் என்.சி.எல்.டி., அதாவது தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். அங்கே "அட்மிட்டட்" என்றால் மனு ஏற்கப்பட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று பொருள். "த கம்பெனி இஸ் அண்டர் சி.ஐ.ஆர்.பி." (கம்பெனித் திவால் தீர்வு நடவடிக்கை) என்று எழுதுங்கள். "லிக்விடேஷன்" என்று எழுதாதீர்கள். கம்பெனியை மீட்க வழியில்லை என்றான பிறகு வருவது அது. மனு ஏற்கப்பட்டதும் மொராட்டோரியம் வந்துவிடும், புதிதாக வசூல் வழக்குப் போட முடியாது. செய்ய வேண்டியது, நடவடிக்கையை நடத்தும் நிபுணரிடம் கிளெய்ம் கொடுப்பது. சரக்கு கொடுத்தவருக்கு ஃபார்ம் பி, சம்பள பாக்கி உள்ள தொழிலாளிக்கு ஃபார்ம் டி. "கைண்ட்லி ரிலீஸ் அவர் பேமென்ட்" என்று பழைய முதலாளிக்குக் கெஞ்சி எழுதும் மெயில் கிளெய்ம் ஆகாது.

நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது "டிஸ்பியூட்" என்ற சொல்லில். 20 பண்டல் நமுத்துப் போச்சு என்று பார்ட்டி புகார் அனுப்புகிறார். ஆபீஸ் பையன் நல்லெண்ணத்தில் "வீ வில் செட்டில் த டிஸ்பியூட் லேட்டர்" என்று பதில் போடுகிறான். பிறகு நீங்கள் டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பினால், பத்து நாளுக்குள் அந்த மெயிலையே பார்ட்டி நீட்டுவார். நோட்டீசுக்கு முன்பே உண்மையான தகராறு இருந்தால் சரக்கு கொடுத்தவரின் திவால் மனு நிற்காது என்று 2017-இல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "யுவர் கம்ப்ளெயின்ட் ரிகார்டிங் 20 பண்டல்ஸ் இஸ் நோட்டட்; த பேலன்ஸ் ரிமெய்ன்ஸ் பேயபிள்" என்று எழுதியிருந்தால் மீதித் தொகையாவது தகராறில் சிக்காமல் இருந்திருக்கும்.

இன்னொன்று: பாக்கி ஒரு கோடி ரூபாய்க்குக் கீழே என்றால் என்.சி.எல்.டி.யில் திவால் மனுவே போட முடியாது. 2020 மார்ச் வரை இந்த வரம்பு ஒரு லட்சமாக இருந்தது. அம்பதாயிரம் பாக்கிக்கு "வீ வில் டிராக் யூ டு என்.சி.எல்.டி." என்று மிரட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

பெரிய பார்ட்டிக்குக் கடனில் லோடு ஏற்றும் முன், திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ.யின் இணையதளத்தில் உள்ள பொது அறிவிப்புகளில் அந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கிளெய்ம் கொடுக்கக் கடைசித் தேதியும் அங்கேயே இருக்கும். அதை உங்கள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.