உணவு வரும் மூன்று வாயில்கள்

இலங்கையிலே கோதுமை பயிராவதில்லை. ஆயினும், அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் விடியற்காலையில் அடுப்பேறுவது கோதுமை மா ரொட்டியேயாகும். அதனோடு உண்ணும் பருப்பும் பெரும்பாலும் கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளினின்றும் கப்பலில் வருவதே. ஆதலின், பிறநாட்டுணவை நாட்டினுள் விடுக்கும் விதிகளை அறிதல் வணிகர்க்கு மாத்திரமன்றி நமக்கும் கடனாகும்.

துறைமுகத்திற் பண்டங்களை நிறுத்தி ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பண்டங்களை அளந்து, புலி முத்திரை பொறித்து விடுத்தமையைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. ஈழத்து உணவுப்பொருள் அங்கு வந்திறங்கியமையையும் அந்நூலே கூறும். அன்று உணவை அனுப்பிய நாடு இன்று உணவைப் பெறும் நாடாயிற்று.

இக்கால விதிகளை மூன்று வாயில்களாக வகுத்துக் காண்போம்.

முதலாவது, அநுமதி. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், எப்பொருளுக்கு அநுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை அரசு வர்த்தமானியில் அறிவிக்கும். ‘வரலாமா? எவ்வளவு வரலாம்?’ என்பதே இங்கெழும் வினா.

இரண்டாவது, வரி. ‘என்ன விலைக்கு வரலாம்?’ என்பதை இது தீர்மானிக்கும்.

மூன்றாவது, பரிசோதனை. ‘உண்ணத் தக்கதா?’ என்று 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், ‘பயிருக்கு நோய் கொணருமா?’ என்று 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் வினவும்.

முதல் வாயில் அடைபடின் என்னாகும்? 1942இல் பர்மா யப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டரிசி சுருங்கிய இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி அருகி, உலகச் சந்தையில் தானிய விலையும் ஏற, அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தானுக்குப் பலாவும் மரவள்ளியும் ஓரளவு கைகொடுத்தன. லயத்து அறையில் வாழ்ந்தவனுக்கோ சொந்த நிலமில்லை. அக்காலத்தில் தோட்டப்பகுதியின் இறப்பு வீதம் ஏனைய பகுதிகளினும் மிக உயர்ந்தது.

எனினும், வாயிலைத் திறந்துவிடுதலே என்றும் நன்று எனக் கொள்ளலாகாது. உருளைக்கிழங்கை நோக்குக. இறக்குமதித் தடையும் வரியும் நுவரெலியா விவசாயிக்கு அரணாயின. அவையே கொழுந்து பறிப்பவளுக்கு விலையுயர்வாயின. இருவரும் ஒரே சந்தைக்கு வருபவர். ஒருவர் விற்பவர், மற்றவர் வாங்குபவர். இருவர் நலனையும் நிறுத்துப் பார்த்து, காலத்துக்கேற்பத் திறந்தும் அடைத்தும் நடாத்துவதே ஆட்சித்திறன்.

மூன்றாம் வாயிலோ அத்தகையதன்று. அதனை எக்காலத்தும் நெகிழவிடலாகாது. தென்னமெரிக்காவிற் பிறந்த உருளைக்கிழங்கு வட்டப்புழு 1980களில் நுவரெலியா மண்ணிற் கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அப்புழுவின் முட்டைகள் பல்லாண்டு மண்ணில் உயிர்த்திருப்பன. ஒரு நாட் கவனக்குறைவுக்கு ஒரு தலைமுறை விலை கொடுக்க நேரும்.

முதல் வாயிலை இறுக அடைக்கும்போது மூன்றாவது வாயில் பின்புறமாக உடைபடுதலும் உண்டு. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட, விலை பன்மடங்காயிற்று. பாக்கு நீரிணையூடாக மஞ்சள் மூடைகள் களவாக வந்தன. கலப்படத் தூளும் கடைகளிற் புகுந்தது. தடை விதித்தோர் கருதியது உள்நாட்டு விளைச்சல். ஏழையின் கறிச்சட்டியில் விழுந்ததோ பரிசோதிக்கப்படாத பொடி.

மாணவர்காள்! கடையிற் பொதியொன்றை வாங்குங்கால், பிறந்த நாடு, இறக்குமதியாளர் பெயர், காலாவதித் திகதி ஆகியவற்றை வாசியுங்கள். எழுத்தறியாத பெற்றோர்க்கும் வாசித்துச் சொல்லுங்கள். ஐயமெழின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள். இக்கல்லூரியிற் கற்று அரச பணியிலும் வணிகத்திலும் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: வர்த்தமானியின் ஒரு வரியில் கையொப்பமிடும் வேளை, விளைநிலமின்றி உழைக்கும் குடும்பத்தின் அடுப்பையும் நினைவிற் கொள்வீராக.