வாசல் இல்லாத தொழிலாளியின் வாயிற்கூட்டம்

அன்புள்ள கயல்விழிக்கு,

தொழிற்சங்கத்தின் பழைய கருவிகளில் ஒன்று வாயிற்கூட்டம். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறிப் பேசினால் போதும்; உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோர் காதிலும் விஷயம் விழுந்துவிடும். கணினி நிறுவன ஊழியருக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. ஒருவர் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இருப்பார், இன்னொருவர் வீட்டில் இருப்பார், இருவருக்கும் மேலாளர் வேறு நாட்டில் இருப்பார். சமூக ஊடகம் இவர்களுக்குத் தருவது முதலில் அந்த வாசலைத்தான்.

2007-இல் இத்தாலியில் நடந்த ஒரு போராட்டம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் தொழிற்சங்கக் குழு சிறிய ஊதிய உயர்வு ஒன்றைக் கேட்டது. நிர்வாகமோ, ஏற்கெனவே கொடுத்துவந்த ஊக்கத்தொகையையே நிறுத்திவிட்டது. ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 யூரோ இழப்பு. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 9,000 பேர்.

அப்போது ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகம் பேசுபொருளாக இருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கியது அது. அங்கே நுழைகிறவர் ஒரு புனைபெயருடன் ‘அவதார்’ எடுத்து நடக்கலாம், பறக்கலாம், நிலம் வாங்கலாம். (நம் அவதாரம் என்ற சொல்தான் கடல் சுற்றி இப்படித் திரும்பி வந்திருக்கிறது.) ஐபிஎம் அங்கே தீவுகளையே வாங்கி அலுவலகம் அமைத்திருந்தது; எதிர்கால வணிகத்துக்கு முன்னோடி என்று அதைப் பெருமையாகக் காட்டியும் வந்தது. சங்கம் குறிவைத்தது அந்தப் பெருமையைத்தான். ஆலை ஓட்டத்தை நிறுத்த முடியாதவர்கள் நிறுவனத்தின் முகத்துக்கு நேரே போய் நின்றார்கள்.

2007 செப்டம்பர் 27. யூனி என்ற உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் துணையுடன் 12 மணி நேரப் போராட்டம் நடந்தது. 30 நாடுகளிலிருந்து 1,800-க்கும் மேற்பட்ட அவதார்கள் பதாகையுடன் ஐபிஎம் தீவுகளுக்கு வந்தன. ஒருவர் பெரிய வாழைப்பழ உருவில்கூட வந்தார். வேடிக்கை போலத் தெரிந்தாலும் ஏற்பாடு பழைய பாணியில் கச்சிதமாக இருந்தது. கணினிக்குப் புதியவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. சட்டையும் பதாகையும் முன்கூட்டியே வழங்கப்பட்டன. வழிகாட்டத் தொண்டர்கள் நின்றார்கள். புனைபெயர் இருந்ததால் யார் எந்த ஊழியர் என்று நிர்வாகத்தால் எளிதில் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. அவதார்கள் வணிக மையத்துக்குள் புகுந்ததும் நிறுவனம் அதை மூடிவிட்டது.

அடுத்த மாதமே ஐபிஎம் இத்தாலியின் தலைவர் பதவி விலகினார். அதற்குப் போராட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே அக்டோபரில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊக்கத்தொகை திரும்பக் கிடைத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவதார்கள் திரட்டியது உலகத்தின் கவனத்தை. அந்தக் கவனத்தைக் காசாக மாற்றியது, நிஜ மேசையில் நிஜ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சங்கக் குழு. அந்தக் குழு இல்லாவிட்டால் வாழைப்பழம் செய்தித்தாளில் ஒரு சிரிப்புத் துணுக்காகவே முடிந்திருக்கும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த போராட்டம் வேறு வகை. சம்பளம் குறைவு, மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறுகிறது என்று பள்ளி ஆசிரியர்கள் பேஸ்புக் குழு ஒன்றில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். மலைப்பகுதிகளில் சிதறிக் கிடந்த பள்ளிகளை அந்தக் குழு ஒரே ஆசிரியர் அறைபோல ஆக்கியது. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் அங்கே சட்டப்படி செல்லாது. இருந்தும் 2018 பிப்ரவரி 22 அன்று 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. 27-ஆம் தேதி ஆளுநருடன் உடன்பாடு என்று சங்கத் தலைவர்கள் அறிவித்தார்கள். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்த மறுப்பை அவர்கள் ‘லைக்’ எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யவில்லை; பல மாவட்டங்களில் நேரில் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள். மார்ச் 6 அன்று 5 சதவீத ஊதிய உயர்வு சட்டமானது. அதற்குப் பிறகுதான் அவர்கள் வகுப்பறைக்குத் திரும்பினார்கள்.

அன்புடன்,
பெரியப்பா