கறவை மாடுகளின் மடிநோயும் அதனைத் தடுக்கும் எளிய பொருள்களும்

குடியானவர் வீட்டில் கறவை மாடு நாள்தோறும் வருமானம் தரும் செல்வமாகும். விளைவு குன்றிய காலத்திலும் பாற்பணமே பல குடும்பங்களைத் தாங்குகின்றது. இத்தகைய மாட்டுக்கு நேரும் வியாதிகளுள் மிகுந்த நஷ்டத்தை விளைவிப்பது மடிநோயாகும். மடியின் நான்கு பகுதிகளும் தனித்தனியே பால் சுரப்பவை. அவற்றுள் ஒன்று கெட்டுக் கல்போல் இறுகிவிடின், அதில் முன்போல் பால் சுரப்பது அரிது. ஆதலின் இந்நோய் வந்தபின் வைத்தியம் தேடுவதினும் வராமற் காப்பதே சாலச் சிறந்தது.

நோயின் காரணம்

மடிநோய் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளால் உண்டாவது. இவற்றுட் சில கறப்பவர் கையினாலும், துடைக்கும் துணியினாலும் ஒரு மாட்டினின்று மற்றொரு மாட்டுக்குப் பரவும். வேறு சில சாணத்திலும் ஈரத்தரையிலும் வாழும். கறந்து முடிந்த பின்னர் காம்பின் துவாரம் அரைமணி நேரத்திற்கு மேலாக நன்கு மூடிக்கொள்வதில்லை. அவ்வேளையில் மாடு அசுத்தமான தரையில் படுத்தால் கிருமிகள் எளிதில் உட்புகும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறப்பதும், நுரையிலோ எச்சிலிலோ விரலை நனைத்துக் கறப்பதும் காம்பைப் புண்ணாக்கி நோய்க்கு வழிகோலும்.

அறியும் விதம்

மடி வீங்கிச் சூடேறுதல், பால் திரிதல், நீர்த்தல், இரத்தங் கலந்து வருதல் ஆகியவை வெளிப்படையான குறிகள். ஆயினும் இக்குறிகள் தோன்றாமலே நோய் மறைந்திருப்பதும் உண்டு. ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, அதில் சிறிது எடுத்து, ஒவ்வொரு காம்பின் பாலுடனும் தனித்தனியே சம அளவாகக் கலந்து சுழற்றுக. பால் கொழகொழவென்று தடித்தால் அப்பகுதியில் நோய் உண்டென்று ஐயுறல் வேண்டும். சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும். நாள்தோறும் முதற் சில பீச்சுகளைக் கருந்துணி கட்டிய கிண்ணத்தில் பிடித்துப் பார்ப்பின் சிறு திரியும் புலப்படும்.

தடுக்கும் முறைகள்

1. கறக்குமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த இளஞ்சூட்டு நீரால் காம்புகளைக் கழுவி, மாட்டுக்கொரு தூய துணியால் ஈரம் போகத் துடைக்க. துடையாது விட்டால், வடியும் நீரே அழுக்கைக் காம்பின் நுனிக்குக் கொண்டு சேர்க்கும். வேப்பிலை நீர் சுத்தத்திற்குத் துணையேயன்றி எல்லாக் கிருமிகளையும் கொல்லும் மருந்தன்று.

2. முழுக்கையால் காம்பைப் பற்றிக் கறந்து, கறந்தவுடன் காம்பு நுனியை அயோடின் கரைசலில் முக்குதல் நலம். அக்கரைசல் கிடைக்கும் இடத்தில் மூலிகையைக் காரணங்காட்டி அதனை விடலாகாது.

3. கறந்தவுடன் புல்லோ வைக்கோலோ இட்டால் மாடு நின்று தின்னும். அதற்குள் காம்புத் துவாரம் மூடிக்கொள்ளும்.

4. தொழுவத்தைப் பெருக்கி உலர்த்திச் சுண்ணாம்புத் தூளை மெல்லெனத் தூவுக. மிகுதியாகத் தூவினால் காம்பு வெந்துபோகும்.

5. நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்க. அதன் பாலைத் தொழுவத்தில் பீச்சலாகாது.

வீட்டிலுள்ள பொருள்களால் ஒரு பக்குவம்

தஞ்சாவூரிலுள்ள, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மரபுவழி மூலிகை மருத்துவ மையத்தார் கற்பித்து வருவதும், தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தார் பரப்பி வருவதுமான முறை வருமாறு: சோற்றுக் கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைக்கவும். மஞ்சளும் சுண்ணாம்பும் கூடுவதால் விழுது செந்நிறமாகும். பாலை முற்றிலும் கறந்து நீக்கி, மடியைக் கழுவியபின், ஒரு கைப்பிடி விழுதில் 150 முதல் 200 மில்லி நீர் விட்டுக் கரைத்து மடி முழுதும் பூசுக. இவ்வாறு நாளொன்றுக்குப் பத்து முறையாக ஐந்து நாள் செய்தல் வேண்டும். நாள்தோறும் இரண்டு எலுமிச்சம் பழங்களைப் பாதியாக அறுத்து மூன்று நாள் தின்னக் கொடுக்க. விழுதை அன்றன்றே புதிதாக அரைத்தல் அவசியம். ஒன்றிரண்டு முறை பூசிவிட்டுப் பலன் இல்லை என்று கூறுவது முறையன்று.

எச்சரிக்கை

காய்ச்சல் கண்டு தீனி மறுத்தாலும், மடி நீலம் பாரித்துக் குளிர்ந்தாலும், கன்று ஈன்ற சில நாட்களுக்குள் கடுமையாக வீங்கினாலும் மூலிகையை நம்பிக் காலங் கடத்துதல் மாட்டின் உயிருக்கே ஆபத்தாகும். உடனே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். அவர் கிருமிநாசினி ஊசி போட்டால், அவர் குறிக்கும் நாள் வரையில் பாலை விற்கவும் உண்ணவும் கூடாது. மருந்து பாலில் கலந்து குடிப்பவருக்குத் தீங்கு விளைக்கும். தேவையின்றி அம்மருந்துகளைப் பயன்படுத்தினால் கிருமிகள் அவற்றிற்கு அடங்காதவையாக மாறிவிடும். நோய் வராமற் காப்பதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணமாகும்.

கிராம அதிகாரிகளும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் மேற்கூறிய சலவைத்தூள் சோதனையைச் சங்கத்து வாசலில் ஒருமுறை செய்து காட்டுவார்களாயின், எழுத்தறியாதவரும் கண்ணாற் கண்டு தெளிவர். ஒரு வேளைக்குச் சில நிமிஷங்களே பிடிக்கும் இச்சுத்தம் ஒரு மாட்டின் மடியைக் காக்கும். மடியைக் காப்பது குடும்பத்தைக் காப்பதாகும்.