இறைச்சிக் கோழிக்கு இரும்புச்சத்து

நெல், மரக்கறி ஆகியவற்றோடு இறைச்சிக் கோழியும் வளர்க்கும் கடுகண்ணாவைக் கமக்காரர், கொண்டை வெளிறக் கண்டவுடன் இரும்பு மருந்து வாங்க விரைதல் வேண்டா. ஒரு கிலோகிராம் தீனியில் 80 மில்லிகிராம் இரும்பு இருந்தாற் போதும். கடையில் விற்கும் கலப்புத் தீனியில் இவ்வளவு பெரும்பாலும் உண்டு. வீட்டுத் தவிட்டையே மிகுதியாக இடுவோர்க்குக் குறை நேரலாம். தவிட்டிலுள்ள பைற்றேற்று இரும்பைக் குடல் உறிஞ்சவிடாது பிணித்துக்கொள்ளும்.

எனினும், மழை மிக்க இம்மலைப்புறத்தில் முதலில் ஐயுறத்தக்கது இரத்தக் கழிச்சலே. ஈரக் கூளத்தின் வழியே பரவும் நுண்ணுயிர் குடலைப் புண்படுத்த, இளங்குஞ்சுகள் சில நாளிலேயே மடியும். எச்சத்தில் குருதி தோன்றின் இரும்பு மட்டும் நோயைத் தீர்க்காது. நனைந்த உமியை அன்றே அகற்றி, எச்சத்தையும் இறந்த குஞ்சையும் மிருக வைத்தியரிடம் காட்டுக. பேராதனையை அடுத்த கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்திலும் அவற்றைச் சோதிப்பிக்கலாம்.