வலையில் தங்கும் தூள், ஆற்றில் தெளியும் நீர்

குளத்துத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிராமத்தில் என்ன செய்வார்கள்? பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கலங்கல் மெல்ல அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். வட இந்தியாவில் இந்தக் கொட்டைக்கு நிர்மலி என்று பெயர்.

தேற்றாங்கொட்டை செய்யும் வேலை என்ன? நீரில் தனித்தனியாக மிதக்கும் மண் துகள்களை ஒன்றுசேர்க்கிறது. சேர்ந்த துகள்கள் கனமாகிக் கீழே இறங்குகின்றன.

காகித ஆலையிலும் இதைப் போன்ற ஒரு வேலை நடக்கிறது. அங்கே துகள்களைச் சேர்க்கும் பொருளுக்குப் பாலிமர் என்று பெயர். அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

காகிதம் எப்படி உருவாகிறது?

மரம், மூங்கில், கரும்புச் சக்கை, வைக்கோல், பழைய காகிதம் ஆகியவற்றிலிருந்து கூழ் செய்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் என்ற மாவட்டம் உள்ளது. அங்கே கரும்பு அதிகம் விளைகிறது. கரும்புச் சக்கையையும் பழைய காகிதத்தையும் கொண்டு காகிதம் செய்யும் ஆலைகள் அங்கே பல உள்ளன.

கூழில் இருப்பது நார். அதனுடன் சுண்ணாம்புத் தூள் அல்லது வெள்ளைக் களிமண் தூளைக் கலக்கிறார்கள். இதனால் காகிதம் வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஒரு பக்கம் எழுதியது மறுபக்கம் தெரியாது. நாரை விட இந்தத் தூள் விலை குறைவு.

இந்தக் கலவையில் நிறையத் தண்ணீர் சேர்க்கிறார்கள். 100 பங்கு கலவையில் ஏறக்குறைய 99 பங்கு தண்ணீர்தான். ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நீண்ட வலையின் மேல் கலவை பாய்கிறது. தண்ணீர் வலை வழியாகக் கீழே வடிகிறது. நார் மேலே தங்கி ஈரத் தாளாகிறது. அதை உருளைகளுக்கு இடையே அழுத்திப் பிழிகிறார்கள். பிறகு சூடான உருளைகளில் காய வைக்கிறார்கள்.

கீழே போவது வெறும் தண்ணீரா?

அரிசியைச் சல்லடையில் போட்டுச் சலித்துப் பாருங்கள். முழு அரிசி மேலே தங்கும். குருணை கீழே விழும். காகித ஆலையின் வலையிலும் அப்படித்தான். நீண்ட நார் தங்கும். நொறுங்கிய சிறு நாரும் தூளும் தண்ணீரோடு கீழே போகும். தண்ணீர் கஞ்சி போல வெளுத்திருக்கும். அதனால் அதை வெள்ளை நீர் என்கிறார்கள்.

வெள்ளை நீரில் பெரும்பகுதியை ஆலையிலேயே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தூள் பிடிபடாமல் சுற்றிச் சுற்றி வந்தால் குழாய்களிலும் தொட்டிகளிலும் அழுக்குப் படியும். தாளில் புள்ளியும் ஓட்டையும் விழும். தாள் அறுந்து இயந்திரம் நிற்கும்.

மிஞ்சிய நீர் வெளியே போகிறது. அதில் போவது காசு கொடுத்து வாங்கிய நாரும் தூளும் அல்லவா? அந்த நீரைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டால் நார் அங்கே அழுகும். அப்போது நீரில் உள்ள பிராணவாயு குறையும். மீன்கள் சாகும். முசாபர்நகர் வழியாக ஓடும் காளி ஆறு இப்படி ஆலைக் கழிவுகளால் கெட்ட ஆறுகளில் ஒன்று. நீர் மாசைத் தடுக்க 1974-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

பாலிமர் எப்படிப் பிடிக்கிறது?

இரண்டு காந்தங்களின் ஒரே வகை முனைகளை அருகில் கொண்டுபோனால் அவை விலகும். நாரும் தூளும் தண்ணீரில் இப்படித்தான் ஒன்றை ஒன்று விலக்குகின்றன. இரண்டிலும் ஒரே வகை மின்சாரம் இருப்பதே காரணம். பாலிமர் என்பது கண்ணுக்குத் தெரியாத மிக நீண்ட இழை. இந்த வேலைக்குப் பயன்படும் பாலிமரில் எதிர் வகை மின்சாரம் இருக்கும். அது ஒரு பக்கம் நாரைப் பிடிக்கும். மறுபக்கம் தூளைப் பிடிக்கும். உதிரிப் பூக்களை நாரில் கட்டுவது போலச் சேர்த்துக் கட்டும். கட்டிய தூள் வலையிலேயே தங்கிவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. சக்கைக் கூழிலும் வைக்கோல் கூழிலும் சிறு நார் அதிகம். அதில் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். பாலிமர் சேர்த்தால் விரைவாக வடியும்.

கணக்குப் போடுவோம்

வலைக்கு வரும் 1 லிட்டர் கலவையில் நாரும் தூளும் சேர்ந்து 10 கிராம் இருக்கிறது. கீழே வடிந்த 1 லிட்டர் வெள்ளை நீரில் 4 கிராம் இருக்கிறது. அப்படியானால் வலையில் தங்கியது ஏறக்குறைய 6 கிராம். அதாவது 100-க்கு 60.

பாலிமர் சேர்த்த பிறகு வெள்ளை நீரில் 2 கிராம்தான் இருக்கிறது. இப்போது தங்கியது 8 கிராம். அதாவது 100-க்கு 80. இவை கணக்குக்காகச் சொன்ன அளவுகள். ஆலைக்கு ஆலை இது மாறும்.

அளவும் கலக்கும் முறையும்

1 டன் காகிதத்துக்குச் சில நூறு கிராம் பாலிமர் போதும். அளவு கூடினால் நார் கட்டி கட்டியாகத் திரளும். தாள் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிவாகவும் வரும்.

* சுத்தமான தண்ணீரை முதலில் எடுக்க வேண்டும்.
* தண்ணீரைக் கலக்கிக்கொண்டே பாலிமர் தூளை மெல்லத் தூவ வேண்டும். கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும் அல்லவா? இதுவும் அப்படியே.
* மூட்டையில் எழுதியுள்ள நேரம் வரை மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்துக் கலக்கினால் இழை அறுந்துவிடும்.

எச்சரிக்கை

பாலிமர் தரையில் சிந்தி ஈரம் பட்டால் பயங்கரமாக வழுக்கும். உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் இன்னும் வழுக்கும். மணலோ மரத்தூளோ போட்டு அள்ளிய பிறகு கழுவுங்கள். தூளை மூச்சில் இழுக்காதீர்கள். கையுறை போடுங்கள். காலி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானியம் போட்டு வைக்காதீர்கள்.

அளவு, நேரம், எச்சரிக்கை எல்லாம் மூட்டையின் மேல் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். புரியாத மொழியில் இருந்தால் மேலாளரிடம் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை.

பாலிமர் போட்டுவிட்டதால் கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் விடலாம் என்பதில்லை. சுத்தம் செய்ய வேண்டிய சுமை குறையும். அவ்வளவுதான்.

புதிய சொற்கள்

பாலிமர் – துகள்களைச் சேர்த்துக் கட்டும் நீண்ட இழைப் பொருள்
வெள்ளை நீர் – வலையிலிருந்து வடியும் வெளுத்த நீர்
மாசு – அழுக்கு, கேடு

விடை எழுதுங்கள்

1. வெள்ளை நீர் ஏன் வெளுத்திருக்கிறது?
2. பாலிமர் அளவு கூடினால் என்ன ஆகும்?
3. 1 டன் காகிதத்துக்கு 300 கிராம் பாலிமர் வேண்டும். 50 டன் காகிதத்துக்கு எத்தனை கிலோ வேண்டும்?
4. உங்கள் ஊரில் ஆலைக் கழிவு நீர் எங்கே போய்ச் சேருகிறது? விசாரித்து ஐந்து வரி எழுதுங்கள்.