தாய்மாரின் நலமும் இல்லறத் தம்மமும்

 

இத்திங்கள் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் எளியது. ஆயினும் எளிதில் மறக்கப்படுவது. இல்லத்தில் எல்லாரையும் காக்கின்ற தாயை யார் காப்பது என்பதே அப்பொருள். தானத்தைப் பற்றியும் தியானத்தைப் பற்றியும் மணிக்கணக்கிற் பேசுகின்ற நாம், அடுப்படியைப் பற்றிப் பேசக் கூசுகின்றோம். பகவான் புத்தரோ அவ்வாறு கூசினாரல்லர்.

1. மேற்குத் திசையும் கீழ்த்திசையும்

இராஜகிருக நகரில் சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞன் ஈர ஆடையுடன் நின்று ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கண்ட பகவான், வெறும் திசைகளை வணங்குவதாற் பயனில்லை என்றும், தாய் தந்தையர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாளர், துறவியர் ஆகியோரே ஆறு திசைகள் என்றும், அவர்கட்குச் செய்யும் கடமையே வணக்கம் என்றும் அறிவுறுத்தினார். இவ்வுபதேசமே சிகாலோவாத சுத்தம் எனப்படும்.

இதில் மனைவி மேற்குத் திசை. அவளை மதித்தல், இழித்துரையாமை, பிறன்மனை நாடாமை, இல்லத்து அதிகாரத்தை அவளிடம் ஒப்புவித்தல், அணிகலன் அளித்தல் என்னும் ஐந்தும் கணவன் கடமைகள். பணியாளரோ கீழ்த்திசை. அவர்தம் வலிமைக்கேற்ப வேலை கொடுத்தல், உணவும் ஊதியமும் தருதல், நோயுற்றபோது பேணுதல், நல்ல உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல் என்னும் ஐந்தும் தலைவன் கடமைகள்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். கூலிக்கு உழைப்பவர்க்கே வலிமைக்கேற்ற வேலையும், நோயிற் பராமரிப்பும், ஓய்வும் உரியனவென்றால், கூலியின்றி உழைக்கும் மனைவிக்கு அவை உரியன அல்லவா? நாம் மதித்தல் என்று வாயாற் சொல்லுகின்றோம். நம் இல்லங்களில் பணியாளருக்குரிய அந்த ஐந்தேனும் மனைவியைச் சென்று சேர்கின்றனவா?

2. எமது இல்லத்தில் நேர்ந்தது

பிறரைக் குறைகூறுமுன் எமது குறையைக் கூறுதல் முறை. நாம் பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தோம். எட்டு மணி நேர வேலை முடிந்து சங்கு ஊதியதும் நாம் வெளியேறிவிடுவோம். ஒரு நாழிகை கூடுதலாக நிறுத்தினால் சங்கத்தாரோடு கூடி வாயிலில் நின்று கேட்போம். அது எமது உரிமை.

அக்காலத்தில் எமது துணைவியார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தெருக் குழாயிற் குடம் வைத்துக் காத்திருப்பார். சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, எட்டு மணிக்குத் தையலாலைக்குப் பேருந்தேறுவார். இரவு ஏழு மணிக்குத் திரும்பி மீண்டும் அடுப்பு மூட்டுவார். எல்லாரும் உண்டபின் பாத்திரத்தில் எஞ்சியதை உண்பார். அவருக்குச் சங்கு ஊதுவார் எவருமிலர். அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று நாம் ஒருநாளும் கேட்டோமில்லை.

ஒரு காலை அவர் குழாயடியிலேயே மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் இரத்தம் பரிசோதித்தனர். 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 7 கிராம் இருந்தது. மருத்துவ அம்மையார் எம்மை நோக்கி, "நேற்று இவர் என்ன உண்டார்?" என்று வினவினார். நாம் விடையறியாது நின்றோம். எமது பக்கத்து எந்திரத்தில் முந்திய நாள் எத்தனை கண்டு இறங்கிற்று என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். எத்தனை இழை அறுந்தது என்றும் சொல்லியிருப்போம். இருபதாண்டு உடன் வாழ்ந்தவர் உண்டது என்னவென்று தெரியவில்லை. அதே வாரம் ஞாயிறன்று நாம் விகாரையில் ஆற்றிய சொற்பொழிவின் தலைப்புக் கருணை! அந்த நாணம் இன்றும் எம்மை விடவில்லை. இப்பாடத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

3. நடுவழி உடலுக்கும் உரியது

சித்தார்த்தர் ஆறாண்டுகள் உடலை வருத்தினார். எலும்புந் தோலுமாய்ச் சோர்ந்தபின், பட்டினியால் ஞானம் விளையாது என்று கண்டார். சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்று உடல் தேறியபின்னரே போதி மரத்தடியில் அமர்ந்தார். புத்தராகப் போகின்றவருக்கே உணவின்றி முயற்சி கைகூடவில்லையாயின், மூன்று பிள்ளைகளின் தாய்க்கு எங்ஙனம் கைகூடும்?

சோணர் என்னும் பிக்கு இடைவிடாது நடந்து தியானித்துப் பாதங்கள் புண்பட்டு மனந்தளர்ந்தபோது, பகவான் அவரிடம் வீணையைப் பற்றி வினவினார். நரம்பை மிக முறுக்கினாலும் இசை எழாது; மிகத் தளர்த்தினாலும் எழாது. வீணையை நாம் அறியோம், நூலை அறிவோம். ரிங் எந்திரத்தில் இழை இறுகினால் அறுகின்றது, தளர்ந்தால் சிக்குகின்றது. அறுந்த இழையை முடிந்துகொண்டேயிருப்பவன் திறமைசாலியல்லன். இறுக்கத்தைச் சரிசெய்பவனே திறமைசாலி. மேலும், எந்த ஆலையிலும் எந்திரத்தை அவ்வப்போது நிறுத்தித் துடைத்து எண்ணெய் இடுவர். அதை முதலாளி நட்டமென்று கருதுவதில்லை. எண்ணெய் காணாத கதிர் சூடேறிப் பழுதாகும் என்று அவர் அறிவார். இரும்புக்குத் தரும் ஓய்வை நாம் தாய்க்குத் தரவில்லை.

4. நாடு காட்டும் கணக்கு

இஃது எமது இல்லத்துக் குறை மட்டுமன்று. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். 2024இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வோ, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், அப்பணிகளில் ஈடுபடும் ஆண் 88 நிமிடங்களும் செலவிடுவதாகக் காட்டியது. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம்! வீட்டுப் பணியில் கைவைக்கும் ஆடவரின் கணக்கே இஃது என்பதையும் மறவாதீர்.

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் பலர் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து உழைத்து இரவில் திரும்புகின்றனர். அவர்களுள் தாய்மார் எத்துணையோ பேர். ரயிலில் நின்றபடியே உறங்கும் அவர்களை நாம் கண்டிருக்கின்றோம். வீடு சேர்ந்தபின் அவர்களுடைய இரண்டாம் ஷிப்டு தொடங்குகின்றது.

5. அண்ணலும் அன்னையும்

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டில் அது சட்டமாயிற்று. பின்னர் 1961இல் நாடு முழுமைக்கும் பேறுகாலச் சட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்திற்று.

அன்னை ரமாபாயின் படத்திற்கு நாம் மாலையிடுகின்றோம். வறுமையில் குடும்பத்தைத் தாங்கியவர். ஐந்து மக்களைப் பெற்று நால்வரை இளமையிலேயே இழந்தவர். நெடுநாள் நோயுற்று 1935 மே 27இல் மறைந்தவர். அவர் தியாகத்தைப் போற்றுதல் தகும். ஆயின் அந்தத் தியாகத்தை நம் மனைவியரும் மருமகளிரும் மீண்டுஞ் செய்யவேண்டுமென எதிர்பார்த்தல் தகுமா? வேறு வழியின்றி அவர் பட்ட துன்பத்தை, வழியிருந்தும் நம் வீட்டில் நிகழவிடுவது அவருக்குச் செய்யும் வணக்கம் ஆகாது.

6. நடைமுறைப் பாடம்

உணவு: தாய் கடைசியாக உண்ணும் வழக்கம் ஒழியவேண்டும். எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்க. இயலாவிடில் அவர் பங்கை முதலிலேயே எடுத்து மூடிவைக்க. காலை உணவைக் கைவிடலாகாது. முருங்கைக் கீரை, பயறு, கொள்ளு, வேர்க்கடலை, முட்டை ஆகியன விலையில் எளியன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவோடு தேநீர் பருகுவது அதைத் தடுக்கும். ஆகையால் தேநீருக்கும் உணவுக்கும் ஒரு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். கேழ்வரகு எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைத் தரும்.

மருத்துவம்: ஏறும்போது மூச்சிரைப்பு, ஓயாத அயர்ச்சி, வெளிறிய நகம் ஆகியவற்றை வேலைக் களைப்பென்று தள்ளிவிடாமல் இரத்தம் பரிசோதித்தல் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றது. மாதவிலக்கு மிகுதியாயின் அதைச் சொல்ல வெட்கப்படலாகாது. இரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம்.

உறக்கம்: வளர்ந்தோர்க்கு ஏழு மணி நேர உறக்கமேனும் தேவை. நான்கு மணிக்கு எழவேண்டிய தாய் ஒன்பது மணிக்குப் படுக்கவேண்டும். ஒன்பதுக்குப் பின் மிஞ்சும் பாத்திரம் மற்றவர் பொறுப்பு. கைக்குழந்தை உள்ள இல்லத்தில் இரவில் ஒருமுறையேனும் தந்தை எழுந்து குழந்தையைத் தோளிற் போட்டுக்கொள்ளட்டும்.

பங்கீடு: ஒரு தாளை எடுத்து வீட்டு வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். எழுதும்போதே ஆடவர் வியப்படைவர். எம் தாளில் முப்பத்தொரு வேலைகள் இருந்தன, அவற்றுள் நாம் செய்துவந்தவை மூன்று! பத்து வயது மகன் தன் தட்டைக் கழுவட்டும். மகளுக்கு மட்டும் துடைப்பம் தருதல் சமத்துவமன்று. குடிநீர் கொணர்வதும் இரவுப் பாத்திரங்களும் இன்று எமது பங்கு. முதல் வாரம் பக்கத்து வீட்டார் நகைத்தனர். இரண்டாம் மாதம் அவ்வீட்டு ஆடவரும் குடம் எடுத்தார்.

மனம்: அற்ப காரியத்துக்குப் பிள்ளையை அடிப்பதும், காரணமின்றி அழுவதும் பலவேளை அயர்ச்சியின் குரலாகும். நாளுக்குக் கால் மணி நேரம் தாய் தனித்தமர்ந்து மூச்சைக் கவனித்தாலும் சரி, தெருவில் உலவினாலும் சரி, அந்நேரத்தில் எவரும் அவரை அழைக்கலாகாது. பேற்றுக்குப் பின் வாரக்கணக்கில் சோர்வும் வெறுமையும் நீடித்தால் அது குணக்கேடன்று, நோய். மருத்துவரிடம் செல்லல் வேண்டும். 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசியில் கட்டணமின்றிப் பேசலாம்.

துணையின்றித் தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்குப் பங்கீடு செய்ய வீட்டில் ஆளில்லை. அவர்க்குச் சங்கத்தாரே உறவினர். வாரத்தில் ஒருநாள் அவர் குழந்தைகளை அண்டை உபாசகர் இல்லம் ஏற்றுக்கொள்வது சிறந்த தானமாகும்.

7. இது சுயநலம் ஆகாதா?

தம்மைப் பேணுவது தன்னலம் என்று நம் தாய்மார் அஞ்சுகின்றனர். இதற்கும் பகவான் விடை கூறியுள்ளார். மூங்கிற் கழையின்மேல் வித்தை காட்டும் கழைக்கூத்தன் ஒருவன் தன் மாணவனிடம், நாம் ஒருவரையொருவர் காப்போம் என்றான். மாணவனோ, அவரவர் தம்மைக் காத்துக்கொள்வதே இருவர்க்கும் நன்மை என்றான். பகவான் இக்கதையைக் கூறி, தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கின்றான், பொறுமையாலும் அன்பாலும் பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கின்றான் என்று இரண்டையும் இணைத்தருளினார். கழையைத் தாங்குபவர் தடுமாறினால் மேலே நிற்கும் குழந்தையும் விழும். ஆகவே தாய் தன்னைப் பேணுதல் குழந்தையைப் பேணுதலே.

8. முடிவாக

வைசாகப் பௌர்ணமியன்று விகாரையில் பாயசம் மணக்கின்றது. ஆடவர் முன்னே அமர்ந்து தம்மம் கேட்கின்றனர். தாய்மாரோ பின்கட்டில் புகையினிடையே அண்டாவைக் கிளறிக்கொண்டிருக்கின்றனர்; உபதேசத்தில் ஒரு சொல்லும் அவர் செவியில் விழுவதில்லை. சுஜாதையின் பாற்சோற்றைப் புகழ்ந்து பேசும் அதே வேளையில் சுஜாதைகளைப் பின்கட்டில் நிறுத்தியிருக்கின்றோம்! வரும் பௌர்ணமியில் ஆடவர் முதல்நாள் இரவே காய்கறி நறுக்கி, விடியலில் சமைத்து முடிக்கட்டும். உபதேச வேளையில் தாய்மார் முன்வரிசையில் அமரட்டும். பாயசம் சற்று அடிப்பிடிக்கலாம். அதனால் தம்மம் கெட்டுவிடாது.

எம் துணைவியாரின் ஹீமோகுளோபின் இப்பொழுது 12 கிராமுக்கு மேல் உள்ளது. அதனை அடைய ஓராண்டு ஆயிற்று. மாத்திரையும் கீரையும் எவ்வளவு உதவினவோ, ஒன்பது மணி உறக்கமும் அவ்வளவு உதவிற்று. நேற்று அவர் என்ன உண்டார் என்று எவரேனும் கேட்டால் இன்று நாம் விடை சொல்லுவோம். உங்களால் இயலுமா?

வீட்டில் கூடியிருந்து சிந்திக்கவேண்டிய வினாக்கள்

1. நேற்று நம் இல்லத்தில் கடைசியாக உண்டவர் யார்? அவர் உண்டது என்ன?

2. பணியாளருக்குரிய ஐந்து கடமைகளில் எவையெவை நம் தாய்க்குக் கிட்டுகின்றன?

3. இவ்வாரம் தாயின் கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளப்போகும் வேலை எது?

4. தாய்மார்க்கு: உம் உடலைப் பற்றி இதுவரை எவரிடமும் சொல்லாத குறை எது? அதனை யாரிடம், எந்நாளிற் சொல்லப்போகின்றீர்?

எல்லா உயிர்களும் நலமுறுக. உயிர்களை ஈன்ற தாய்மார் முதலில் நலமுறுக!