சேய்மைக்குச் செய்தி செலுத்தும் வகை

சேய்மையில் நிற்பானை அழைக்க விரும்புவோன் முதற்கண் தன் குரலை உயர்த்துவன். கம்பி வழியே செய்தி விடுக்கப் புகுந்தோரும் தொடக்கத்தில் இம்முறையையே நம்பினர். ஆயின் கம்பியின் இயல்பு வேறு. அதனை அறியாது வன்மையையே நம்புவோர் எய்துவது இழப்பேயாம். இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1858-ஆம் ஆண்டு அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே, அத்லாந்திக் மாகடலின் அடியில் தந்திக் கம்பி இடப்பெற்றது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புகானனுக்கு விடுத்த வாழ்த்து, நூறு சொற்கும் குறைந்ததாயினும், சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. காரணம் யாது? காப்புறையிட்ட கடற்கம்பி மின்னூட்டத்தைத் தன்னுள் தேக்கி, மெல்ல மெல்லவே விடுக்கும். நீளம் இருமடங்காயின் சுணக்கம் நான்மடங்காம் என வில்லியம் தாம்சன் 1855-லேயே கணித்துரைத்தார். நுண்ணிய குறியையும் காட்டவல்ல ஆடிக் கருவியொன்றை அமைத்து, சிறு மின்னழுத்தமே சாலும் என்பது அவர் கொள்கை. ஒயிட்ஹவுஸ் என்னும் மின்வினைஞரோ ஏறத்தாழ 2000 வோல்ட் செலுத்தினார். முன்னரே குறைபாடுற்றிருந்த காப்புறை மேலும் சிதைந்தது. சில வாரங்களுள் கம்பி வாயடைத்தது. பெரும்பொருள் கடலிற் கரைந்தது. 1866-இல் தடித்த செம்பும் தடித்த உறையும் உடைய புதுக் கம்பி இடப்பெற்ற பின்னரே தொடர்பு நிலைபெற்றது.

நிற்க. கணிப்பொறிகளையும் ஆலைப் பொறிகளையும் இணைக்கும் கம்பிகளிலும் இவ்வுண்மையே ஆட்சி புரிகின்றது. கம்பியின் தலைப்பில் நின்று குறிகளை உந்தி விடுக்கும் உறுப்பினை லைன் டிரைவர் என்பர். யாம் அதனைச் செலுத்தி என வழங்குவாம்.

ஆர்.எஸ்.-232 என்னும் முறையில் குறிக்கு ஒரு கம்பியும், ஒப்புநோக்கற்குப் பொதுவாகிய நிலக்கம்பியும் உள. செலுத்தி 5 முதல் 15 வோல்ட் வரை நேராகவும் எதிராகவும் விடுக்கும். இத்துணை வன்மை இருந்தும், அது செல்லுதற்கு உரிய எல்லை 15 மீட்டர் என்றே பண்டு வகுத்தனர். அயலிலுள்ள மோட்டார்களின் இரைச்சல் குறிக்கம்பியிற் படியும். இருமுனைகளின் நிலமட்டமும் ஒத்திராது. பெறுவோன் குறியையும் குழப்பத்தையும் பிரித்தறிய மாட்டான்.

1983-இல் வகுக்கப்பெற்ற ஆர்.எஸ்.-485 முறையோ வேறு வழி கண்டது. முறுக்கிய இரு கம்பிகளில் ஒன்றற்கொன்று எதிரான குறிகள் செல்லும். பெறுங்கருவி அவற்றின் வேற்றுமையை மட்டும் நோக்கும். இரைச்சல் இரண்டிலும் ஒப்பப் படிதலின், வேற்றுமை மாறுவதில்லை. ஆகவே செலுத்தி 1.5 வோல்ட் அளித்தாலும், முனையில் 0.2 வோல்ட் எஞ்சினும் செய்தி பிழையாது. 1200 மீட்டர் வரை செல்லும். பதினைந்து வோல்ட்டால் ஆகாதது ஒன்றரை வோல்ட்டால் ஆயிற்று!

இனிச் செலுத்தியைத் தேர்வோன் வினவ வேண்டுவன சில உள. தொலைவும் விரைவும் யாவை? நொடிக்கு ஒரு லட்சம் பிட் எனின் 1200 மீட்டர் செல்லலாம். ஒரு கோடி எனின் சுமார் 12 மீட்டரே எல்லை. பேசுவோர் எத்துணையர்? ஒருவர் பேசப் பதின்மர் வரை கேட்பதாயின் ஆர்.எஸ்.-422 போதும்; பலர் முறைவைத்துப் பேசுதற்கு 485 வேண்டும். கம்பியின் இருகோடியிலும் 120 ஓம் தடை உளதா? இன்றேல் குறி கோடியில் மோதி எதிரொலித்துத் தன்னையே கலைக்கும். நிலமட்ட வேறுபாடு மிகுமோ? மிகுமாயின் மின்தொடர்பை அறுத்து ஒளியிழை வழியே விடுத்தலே காப்பு.

ஆலையொன்றிற் கொதிகலனின் அழுத்தத்தை 500 மீட்டர்க்கு அப்பாலுள்ள அறைக்கு அறிவிக்க வேண்டும் என்று கொள்வாம். ஆண்டு ஓர் எண் பிறழின், கெடுவது ஏட்டுக் கணக்கன்று. அருகே தொழில் புரிவோரின் உயிரே இடருறும். ஆதலின் விலையையும் வன்மையையும் மட்டும் எண்ணாது, வழியின் இயல்பையும் கேட்போனின் நிலையையும் முன்னர் அளந்து, அவற்றிற்கு இயைந்த செலுத்தியைத் தேர்தலே அறிவுடைமையாம்.